பாயை விட்டு இறங்காத சூப்பி

அந்தத் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை சூப்பியை விடமாட்டேன் என்று அடம்பிடித்தாலும், "அத்தைகிட்ட விட்டுப் பாருங்க" என்றுதான் சொல்வார்கள். சூப்பி என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பால் வராத ரப்பர் காம்பு, பிடித்துக்கொள்ளப் பின்னால் ஒரு வளையம். ஒன்றுமே வராத ஒன்றை இந்தப் பிள்ளைகள் ஏன் இப்படி உயிரைக் கொடுத்துச் சப்புகின்றன என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்து அரைநாள் பல்குத்தும் குச்சியை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் அவர்கள் கண்ணில் படாது.

அத்தை நடத்தியது பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வீடு. அவளும் புருஷனும் குடியிருந்த கீழ்த்தளமேதான் அது. முன்னால் விளையாடுகிற கூடம், நடுவில் படுக்கிற அறை, அதற்குப் பின்னால் அடுக்களை, கடைசியில் குழாயடி. புருஷன் பெயிண்டர். வேலைக்குப் போகிற இடங்களில் மிஞ்சிய பெயிண்டையெல்லாம் கொண்டுவந்து அடித்ததில் கூடத்தில் ஒரு சுவர் மஞ்சள், ஒரு சுவர் பச்சை, மூன்றாவது சுவர் பாதிவரை நீலம், மேலே ரோஸ். பிள்ளைகளின் அறிவு வளர்வதற்காக யோசித்துச் செய்தது என்று அம்மாக்கள் நினைத்துக்கொண்டார்கள். பெயிண்டரும் இல்லை என்று சொல்லவில்லை.

காலையில் நர்ஸ் வருவாள், பஸ் கண்டக்டர் வருவாள், தையல் வேலைக்குப் போகிறவர்கள் கூட்டமாக வருவார்கள். வாசலில் செருப்பு அலமாரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தட்டு, தட்டில் ஒரு நிறப்பொட்டு. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளை உள்ளே போகும். தட்டில் செருப்பு இருந்தால் பிள்ளை உள்ளே இருக்கிறது என்று கணக்கு. அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுவாள். அதற்கப்புறம் சாயங்காலம் வரை எல்லாம் அத்தையின் பாடு. மூக்கைத் துடைக்க வேண்டும், காலைக் கழுவ வேண்டும், முட்டையை மசிக்க வேண்டும், கடித்தவனை அதட்டிக் கடிபட்டவளைச் சமாதானப்படுத்த வேண்டும். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவது ஆளைக் கடிக்காமல் பார்க்க வேண்டும்.

சூப்பி விஷயத்தில் அத்தைக்கென்று ஒரு வழி இருந்தது. கசப்பு தடவுவது, நுனியை வெட்டுவது, காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று புளுகுவது, இதெல்லாம் அவளுக்கு ஆகாது. "நம்ம கையில இருக்கிற டீயைப் பிடுங்கிட்டு காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னா நாம சும்மா இருப்போமா? பிள்ளைன்னா மட்டும் இளிச்சவாயா?" என்பாள். அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று. சூப்பி பாயை விட்டு இறங்காது. வேண்டுமா, நடு அறைக்குப் போ, பாயில் படு, ஆசை தீரச் சப்பு. யாரும் கேட்க மாட்டார்கள். விளையாட வேண்டுமா, சூப்பியைப் பாயில் வைத்துவிட்டு வா. புதிதாக வருகிற பிள்ளை முதலில் நாள் முழுக்கப் பாயிலேயே கிடக்கும். கூடத்தில் கட்டை சரிகிற சத்தம் கேட்கும், யாரோ சிரிக்கிறது கேட்கும். தலையைத் தூக்கும், மறுபடி படுக்கும். பிறகு ஒருநாள் சூப்பியைத் துப்பிவிட்டு எழுந்து வந்துவிடும். அழுகையில்லை, ஆர்ப்பாட்டமில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. அந்த வீட்டில் பகலில் 'அம்மா' என்ற சொல் கூடாது. ஒரு பிள்ளை அம்மா என்று வாயைத் திறந்தால் போச்சு. அத்தனை பிள்ளைகளுக்கும் அம்மா ஞாபகம் வந்து வீடு ரெண்டுபடும். அதனால் கதையில் வருகிற ஆட்டுக்குட்டிக்குக்கூட சித்திதான் இருந்தாள். அத்தையை எல்லாரும் அத்தை என்றார்கள். அவள் பெற்ற பெண்ணும் அத்தை என்றாள். அவள் மட்டும் அம்மா என்று கூப்பிட்டால் மற்றதுகள் ஏங்கிப்போகாதா என்பது அத்தையின் நியாயம்.

"தாலி கட்டுனவளையே அத்தைன்னு கூப்பிடற பாக்கியம் உலகத்துல எனக்கு மட்டும்தான்" என்பார் பெயிண்டர். அவருக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. அப்பா என்ற சொல்லுக்குத் தடையே இல்லை. "நாள் பூரா அப்பா அப்பான்னு கத்திப் பார்த்தாலும் ஒருத்தனும் அழ மாட்டேங்கிறான். நாங்கள்லாம் என்னத்துக்குப் பொறந்தோம்?"

பெண்ணுக்கு மிளகு என்று பெயர் விழுந்திருந்தது. சின்னதாக, கறுப்பாக, உருண்டையாக இருப்பாள். காரம் மட்டும் கிடையாது. நடு அறையில் ஜன்னலை ஒட்டிய பாய் அவளுடையது. காலையில் கண் விழித்ததும் வாயில் சூப்பி. மற்ற பிள்ளைகள் வந்து செருப்பைக் கழற்றுகிறபோது எழுந்துபோய் அந்தப் பாயில் படுத்துக்கொள்வாள். எத்தனையோ பிள்ளைகள் அவளுக்கு அப்புறம் வந்து, படுத்து, சலித்து, எழுந்து கூடத்துக்குப் போய்விட்டார்கள். மிளகு எழுந்திருக்கவில்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மறக்கடிக்கிறவளுக்குத் தன் பிள்ளையிடம் பாச்சா பலிக்கவில்லை. அத்தை அதைப் பற்றி யாரிடமும் பேச்சே எடுக்கமாட்டாள். ஆனால் பேச்சு தானாக வாசலுக்கு வந்தது.

நர்ஸின் மகனுக்குப் பூசணி என்று பெயர். கூட்டிக்கொண்டு போக வந்தவள் செருப்பை மாட்டிவிட்டபடியே ஆரம்பித்தாள்.

"அத்தை, இவன் வீட்டுலகூட சூப்பியைக் கேக்கறதில்ல. உங்க கைக்கு ஒரு கும்பிடு."

"என் கை என்ன பண்ணுச்சு. அவனுக்கே போரடிச்சுப் போச்சு."

"தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு சொல்லவா? மிளகு... இவன் வந்த அன்னைக்கும் அந்தப் பாயிலதான் இருந்தா. இன்னைக்கும் அங்கதான் இருக்கா. மூணு வயசாகப் போகுது, பேச்சையும் காணோம். காது கேக்குதான்னு ஒருதடவை பார்த்துடுங்களேன்."

அத்தை சிரித்தாள். "கேக்கும் கேக்கும். பிஸ்கட் டப்பாவைத் திறந்தா முதல் ஆளா வருவா."

சிரித்தாளே தவிர, அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது கை ஓடவில்லை. பிள்ளை தண்ணி என்பாள், பால் என்பாள், வேணாம் என்பாள். அதற்குமேல் இல்லை. ஏதாவது கோளாறாக இருந்துவிட்டால்? இந்த நினைப்பு வந்ததும் பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார்.

"காதெல்லாம் நல்லா இருக்கு. மேல் பல்லு ரெண்டும் வெளிய தள்ளிட்டு வருது பாருங்க. சூப்பியை எடுங்க முதல்ல. வாய் காலியா இருந்தாத்தானே பேசும்?"

"எடுத்துடறேங்க."

"நீங்கதானே இந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கெல்லாம் மறக்கடிக்கிறீங்க?" என்றார் டாக்டர். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அத்தைக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மழை பிடித்துக்கொண்டது. வெளிச்சுவர் வேலை நின்றுபோனதால் பெயிண்டர் வீட்டோடு கிடந்தார். கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி ஈரத்துணி தொங்கியது. பிள்ளைகள் துணிக்கு அடியில் புகுந்து புகுந்து ஓடின. பெயிண்டர் உருளைக்கிழங்கு உரித்தார், பிள்ளைகளுக்குக் குதிரையானார், யாரோ அவர் காதைக் கடித்ததும் வேலையை ராஜினாமா செய்தார்.

"நீ வேணா பாரு, நான் ஒரே நாள்ல மறக்கடிக்கிறேன்" என்று சவால் விட்டார். மிளகு குளிக்கிற நேரம் பார்த்துச் சூப்பியை எடுத்துத் தன் பிரஷ் டப்பாவில் ஒளித்துவைத்தார். குளித்து வந்த மிளகு பாயைத் தூக்கிப் பார்த்தாள், தலையணையைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் எடுத்தாளே ஒரு அழுகை! எதிர்வீட்டுக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார். பெயிண்டர் மறு பேச்சில்லாமல் டப்பாவைத் திறந்தார். அத்தை சூப்பியைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள்.

"டர்பன்டைன் நாறுது! உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருந்தா உன்னை ஏன் அத்தைன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்?"

"போதும், பேசாதீங்க."

அன்று சாயங்காலம் மழை கொஞ்சம் ஓய்ந்ததும் பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். அத்தை கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மிளகு தம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தை, பால்."

பகலில் எத்தனையோ முறை கேட்ட சொல்தான். ஆள் இல்லாத கூடத்தில் கேட்டபோது அத்தைக்குச் சுருக்கென்றது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் குனிந்தாள்.

"இப்ப யாரும் இல்லடி கண்ணு. அம்மான்னு சொல்லலாம். சொல்லு, அம்மா."

மிளகு திரும்பி வாசலைப் பார்த்தாள். செருப்பு அலமாரியைத் தட்டுத் தட்டாக, மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தாள். கீழ்த்தட்டில் பூசணியின் செருப்பு இருந்தது. மழையில் நனைய வேண்டாம் என்று நர்ஸ் அவனை வெறுங்காலோடு தூக்கிக்கொண்டு போயிருந்தாள். மிளகு அந்தச் செருப்பைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். தம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு நடு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அத்தை பால் காய்ச்சினாள். அது பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மறுநாளும் மழை. மதியம் பிள்ளைகளுக்குச் சோறூட்டிப் படுக்கவைத்தாகிவிட்டது. பூசணி மட்டும் தூங்காமல் அடுக்களையில் பெயிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் உரித்துப்போடுகிற தோலை எண்ணத் தெரியாமல் எண்ணிக்கொண்டிருந்தான். அத்தை வழக்கம்போல ஜன்னல் பாய்க்கு வந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அங்கே வருவாளோ, அவளுக்கே கணக்குத் தெரியாது. தண்ணீர் எடுக்கப் போகும்போது வருவாள், துணி காயப்போட வரும்போது வருவாள். வந்தால் ஒரு நிமிஷம் உட்கார்ந்து முதுகைத் தட்டுவாள். "என் தங்கமே" என்று காதோடு சொல்வாள். யாராவது கூப்பிடுவார்கள், எழுந்து ஓடுவாள்.

அன்றைக்கு உடம்பு அலுப்பு. உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மிளகு புரண்டு அவள் முகத்துக்கு நேரே படுத்தாள். சப்பிக்கொண்டே பார்த்தாள்.

அறையின் மறுகோடியில் ஒரு பிள்ளை தூக்கத்தில் சிணுங்கியது. அத்தை கையை ஊன்றி எழப்போனாள். மிளகு சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். வாயிலிருந்து சூப்பியை எடுத்தாள். கவுனில் ஒரு துடை துடைத்தாள். அத்தையின் வாயில் அதை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அத்தைக்கு முதலில் சிரிப்பு வந்தது. எடுக்கப்போனாள். மிளகு கையைத் தட்டிவிட்டாள்.

"சூப்பி வாயில இருக்கு" என்றாள். தெளிவாக, அத்தை பிள்ளைகளிடம் சொல்கிற அதே கண்டிப்போடு. "பாயை விட்டு எறங்கக் கூடாது."

அத்தை இறங்கவில்லை. ரப்பர் காம்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓட ஓடப் படுத்துக் கிடந்தாள். மிளகு பக்கத்தில் காவல் இருந்தாள். சிணுங்கிய பிள்ளை தானே சிணுங்கி ஓய்ந்தது.

நெடுநேரம் கழித்து அடுக்களைக்கு வந்தாள். பூசணி தோல் குவியலுக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போயிருந்தான். ஒரு கையில் சூப்பி, இடுப்பில் மிளகு. பெயிண்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஆச்சு? கண்ணெல்லாம் செவந்திருக்கு."

சொன்னாள். பெயிண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பாதிச் சிரிப்பில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இது பேசத் தெரியாத பிள்ளை இல்லீங்க" என்றாள் அத்தை. "மத்ததுங்களுக்குப் பாயில ஒண்ணும் கெடையாது. சும்மா கெடக்கணும். அதான் எழுந்து வந்துடுதுங்க. இவளுக்கு அங்கதான நான் போறேன்? பாயில இருந்தா நான் அம்மா. எறங்கி வந்தா அத்தை. எதுக்கு எறங்குவா?"

"நானா இருந்தாலும் எறங்க மாட்டேன்."

"நானே பாயைப் போட்டு, நானே அதுல அவளைக் கட்டிப்போட்டு, டாக்டர்கிட்ட வேற தூக்கிட்டு ஓடியிருக்கேன். என்னை எதால அடிக்கிறது?"

"இப்போதைக்குக் கரண்டிதான் இருக்கு" என்று எடுத்து நீட்டினார். பிறகு குரலை இறக்கி, "ஊருக்கே அத்தையா இருக்கறது உன் வேலை. யாரு வேணாங்கறா? ஆனா இது பகலுக்கு மட்டும் வந்துபோற பிள்ளை இல்லையே. இது இங்க குடியிருக்குது" என்றார்.

"சொன்னா மத்ததுங்க அழும்."

"அழட்டுமே. அம்மா இருக்கறதுங்கதானே அழுவுது? அழுது முடிச்சதும் சோறு போடு."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். யோசித்துக்கொண்டிருந்தால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது. பிள்ளைகள் விழித்துக் கூடத்தில் வாழைப்பழத்துக்காக வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் மிளகோடு நடுவில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் கேளுங்க. நான் உங்களுக்கெல்லாம் அத்தை. மிளகுக்கு மட்டும் அம்மா. அவ என்னை அம்மான்னுதான் கூப்பிடுவா."

கண்டக்டரின் மகள் கேட்டாள். அவளுக்கு விடிந்தால் அடைந்தால் கேள்விதான்.

"மாமா?"

"மாமா மிளகுக்கு அப்பா."

"அப்ப எங்களுக்கு எங்க அம்மா?"

"உன் அம்மா பஸ்ல டிக்கெட் கிழிக்கிறாங்க."

மிளகு அத்தையின் மடியிலிருந்து வட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாச் செருப்பும் வாசலில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் கண்ணெதிரே இருந்தார்கள். அவள் அத்தையின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மா" என்றாள்.

பூசணியின் உதடுதான் முதலில் பிதுங்கியது. அப்புறம் ஒன்றையொன்று பார்த்து, ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை என்று ஆரம்பித்தன பாருங்கள், மழைச்சத்தமே காதில் விழவில்லை. எல்லாம் அம்மா அம்மா என்று அலறின. பெயிண்டர் இரண்டு பேரைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மூன்றாவது பிள்ளை அவர் வேட்டியைப் பிடித்துத் தொங்கியது. "அப்பான்னும் ஒருதடவை சொல்லி அழுங்களேன்டா" என்று கெஞ்சினார். அத்தை ஒவ்வொன்றாக இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த அலறலுக்கு நடுவில் மடியை விட்டு அசையாமல், மூச்சுக்கு மூச்சு அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தவள் மிளகு ஒருத்திதான். அவள் அழவில்லை. இத்தனை நாள் சேர்த்துவைத்திருந்ததைச் செலவு செய்துகொண்டிருந்தாள்.

ஒரு வாரம் வீடு சந்தைக்கடையாகத்தான் இருந்தது. சாயங்காலம் வந்த அம்மாக்கள் முகம் வீங்கிய பிள்ளைகளைப் பார்த்துப் பயந்தார்கள். அத்தை நடந்ததை நடந்தபடி சொன்னாள். நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு சட்டம் வச்சிருந்தீங்களா? என்கிட்ட சொல்லவே இல்லையே அத்தை" என்றாள். பிறகு அழுகைக்கே சலித்துப்போய்விட்டது. மிளகுக்கு அம்மா இங்கே இருக்கிறாள், நமக்குச் சாயங்காலம் வருவாள் என்று பிள்ளைகள் கணக்கைச் சரிசெய்துகொண்டன. பூசணி மட்டும் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து அத்தையை 'மிளகம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தான். கதையில் ஆட்டுக்குட்டிக்கு அம்மா திரும்பி வந்தாள்.

சூப்பி அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் அது புளுகு. மிளகு அதைக் கையில் வைத்துக்கொண்டு பாய்க்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் பேச வாயைத் திறக்கவேண்டியிருந்தது. அம்மா பாரு, அம்மா இவன் தள்ளுறான், அம்மா மழை, அம்மா அப்பா உதவாக்கரை. கடைசியாகச் சொன்னதை யார் கற்றுக்கொடுத்தது என்று பெயிண்டர் விசாரித்தபோது அத்தை அவசரமாகக் குழாயடிக்குப் போய்விட்டாள். பேசுவதற்காகத் துப்பிய சூப்பியைத் திரும்ப எடுக்கப் பல சமயம் மிளகுக்கு ஞாபகமே வரவில்லை.

வெயில் திரும்பியது. பெயிண்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். கயிற்றுத் துணியெல்லாம் வெளியே போய்க் கூடம் பெரிதானது. தையல்காரி ஒருத்தி புதிதாக ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள்.

ஒருநாள் மதியம் அத்தை அந்தக் குழந்தையை ஜன்னல் பாயில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தாள். மிளகின் பக்கம் காலியாக இருந்தது. அத்தையும் சாய்ந்தாள். முதுகு பாயில் பட்டதும் சுகமாக இருந்தது. பழக்கதோஷம், கை தானாகப் பக்கத்தில் தடவியது.

கூடத்தில் மிளகின் குரல் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது. பூசணியையும் கண்டக்டர் மகளையும் வைத்து அவள் ஏதோ வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"மிளகு, இங்க வாடி. அம்மா படுத்திருக்கேன்."

கூடத்தில் கட்டை அடுக்குகிற சத்தம் நிற்கவில்லை.

"மிளகு! அம்மா கூப்பிடறேன்ல?"

கட்டையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மிளகு அறை வாசலில் வந்து நின்றாள். தலையெல்லாம் கலைந்து, மூக்கில் மண். அத்தையைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். அத்தைக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது, அதை மறைப்பானேன். அவள் கையை நீட்டினாள்.

மிளகு வந்தாள். கைக்குள் வரவில்லை. பாய் ஓரமாகக் குந்தி, அத்தையின் முதுகில் தட்டினாள். இரண்டு தட்டு. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"தூங்கு, என் தங்கமே. எனக்கு நிறைய வேலை இருக்கு" என்றாள். "அழக் கூடாது. சாயங்காலம் வருவேன்."

அத்தை சிரித்த சிரிப்பில் கைக்குழந்தை திடுக்கிட்டு விழித்து வீலென்று கத்த ஆரம்பித்தது. மிளகு திரும்பிப் பார்த்துக்கொண்டே கூடத்துக்கு ஓடிவிட்டாள்.